குறி சரிதான்... குண்டு மட்டும் ஏன் மேலே போகுது? ரிவால்வர் 'சைட்' சரிசெய்வது எப்படி?

இலக்கின் நடுவில் குறி வைத்து 5 முறை சுடுகிறார் ஒருவர். ஐந்தும் பக்கத்துல பக்கத்துல, ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கு. ஆனால் குறி வைத்த இடத்துக்கு அரை அடி மேலே! கை நடுங்கவில்லை, குறியும் தப்பவில்லை. அப்போ தப்பு எங்கே?

ரிவால்வர் பயன்பாடு அதிகம் உள்ள அமெரிக்காவில், துப்பாக்கி சுடும் மைதானங்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. உடனே பலரும் செய்ய நினைப்பது, முன்னால் இருக்கும் 'சைட்'டை அரத்தால் கொஞ்சம் ராவி விடுவது. அதைச் செய்தால் குண்டு இன்னும் மேலேதான் போகும். ராவிய இரும்பை மறுபடி ஒட்டவும் முடியாது.

அது ஏன்? சரியான வழி என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

சைட் என்பது என்ன?

ரிவால்வரில் குறி பார்க்க இரண்டு பாகங்கள் உண்டு. பேரலின் நுனியில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகடு முன்சைட். கண்ணுக்குப் பக்கத்தில், நடுவில் ஒரு வெட்டுடன் இருப்பது பின்சைட். பின்சைட்டின் வெட்டுக்கு நடுவில் முன்சைட் தெரிய வேண்டும். இரண்டின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதுதான் சரியான குறி.

இதில் இரண்டு வகை. 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரில் பின்சைட் என்று தனியாக ஒரு பாகமே கிடையாது. சிலிண்டருக்கு மேலே ஓடும் இரும்புப் பட்டையில் வெட்டிய பள்ளம்தான் பின்சைட். இது நிலையான சைட். திருகவோ நகர்த்தவோ முடியாது.

1935-ல் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த .357 மேக்னம் ரிவால்வர், 1955-ல் ரூகர் கொண்டுவந்த பிளாக்ஹாக் போன்றவை இரண்டாவது வகை. இவற்றில் பின்சைட்டை ஸ்க்ரூ மூலம் ஏற்றலாம், இறக்கலாம், இடது வலமாகவும் நகர்த்தலாம்.

பேரல் கீழே பார்க்கும்... குண்டு மேலே போகும்!

ட்ரிக்கரை அழுத்தியதும் குண்டு பேரலை விட்டு வெளியேற ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு நேரம்தான் ஆகும். ஆனால் அதற்குள்ளேயே துப்பாக்கி பின்னுக்கு உதைக்க ஆரம்பித்துவிடும். ரிவால்வரில் பேரல் கைப்பிடியை விட நல்ல உயரத்தில் இருக்கிறது. அதனால் அந்த உதை நேராகப் பின்னால் மட்டும் வராது, நுனியையும் மேலே தூக்கும். அதாவது குண்டு பேரலுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே பேரல் மேலே எழ ஆரம்பித்திருக்கும்.

இதைக் கணக்கில் வைத்துத்தான் தயாரிப்பாளர்கள் முன்சைட்டை உயரமாக வைக்கிறார்கள். நீங்கள் சரியாகக் குறி வைத்திருக்கும் அந்த நொடியில், பேரல் உண்மையில் இலக்குக்குக் கொஞ்சம் கீழேதான் பார்த்துக்கொண்டிருக்கும். உதைத்து எழும்பி, குண்டு வெளியேறும் நேரத்தில் சரியான திசைக்கு வந்து சேரும்.

கனமான குண்டு மேலே, லேசான குண்டு கீழே

இங்கேதான் பலருக்கும் குழப்பம். கனமான குண்டுதானே கீழே விழணும்? தொலைதூரத்துக்கு அது சரியாக இருக்கலாம். 25 மீட்டர் போன்ற குறைந்த தூரத்தில் ரிவால்வரில் நடப்பது நேர் எதிர்.

கனமான குண்டு மெதுவாக நகரும். பேரலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும். உதையும் அதிகம். அதனால் அது வெளியே வருவதற்குள் நுனி கூடுதலாக எழும்பிவிடும், குண்டு மேலே படும். லேசான, வேகமான குண்டு நுனி எழும்புவதற்கு முன்பே வெளியேறிவிடும், கீழே படும்.

உதாரணமாக .38 ஸ்பெஷல் வகை ரிவால்வர்களை எடுத்துக்கொள்ளலாம். இதில் காலங்காலமாகப் புழங்கும் குண்டின் எடை 158 கிரெய்ன், அதாவது சுமார் 10.2 கிராம். நிலையான சைட் உள்ள பழைய மாடல்கள் பெரும்பாலும் இந்த எடைக்கு ஏற்பத்தான் அமைக்கப்பட்டவை. அதே துப்பாக்கியில் 125 கிரெய்ன், அதாவது சுமார் 8.1 கிராம் எடையுள்ள வேகமான குண்டைப் போட்டால் பொதுவாகக் கீழே படும்.

ஆகவே குண்டு மேலே போகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது சைட்டை அல்ல, தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடையை. லேசான, வேகமான தோட்டாவுக்கு மாறினாலே பல நேரங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும். செலவு ஒரு பெட்டி தோட்டா மட்டுமே. ஆனால் துப்பாக்கியில் குறிப்பிட்டிருக்கும் வகையை மீறிய தோட்டாவைப் போடவே கூடாது.

சைட்டைத் தொடுவதற்கு முன் 4 சோதனைகள்

1. குண்டுகள் ஒரே இடத்தில் விழுகின்றனவா? ஐந்தைந்து குண்டாகக் குறைந்தது மூன்று முறை சுட்டுப் பார்க்க வேண்டும். துளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் அது சைட் பிரச்சினையே இல்லை. நெருக்கமாக விழுந்து, மொத்தமாக மேலே இருந்தால்தான் சைட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

2. வேறொருவர் சுட்டால் எங்கே படுகிறது? உதையை எதிர்பார்த்து உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. குண்டு மேலே போகும். முன்சைட்டைப் பார்க்காமல் இலக்கையே பார்த்தால், முன்சைட் தானாகவே பின்சைட் மட்டத்தைத் தாண்டி எழும்பிவிடும். அப்போதும் மேலேதான். அனுபவமுள்ள இன்னொருவர் சுட்டு நடுவில் பட்டால், திருத்த வேண்டியது துப்பாக்கியை அல்ல.

3. எதன் மேல் வைத்துச் சுடுகிறீர்கள்? மேஜையில் பேரலையே கட்டை மேல் சாய்த்துச் சுட்டால், கடினமான பரப்பில் அது துள்ளி எழும்பும், குண்டு மேலே படும். மணல் மூட்டை மேல் கைகளை வைத்துச் சுட வேண்டும். பேரல் எதையும் தொடக்கூடாது.

4. குறி வைக்கும் இடம் எது? இது ரொம்ப முக்கியம். போட்டிகளில் பலர் கறுப்பு வட்டத்தின் நடுவில் குறி வைப்பதில்லை. வட்டத்தின் அடி விளிம்பில், அதாவது கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில் குறி வைப்பார்கள். கறுப்பின் மேல் கறுப்பு சைட்டை வைத்தால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது என்பதே காரணம். சர்வதேச 25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் துல்லியச் சுற்றில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 20 செ.மீ. எனவே குறி வைத்த இடத்துக்கு 10 செ.மீ. மேலே படும்படி வேண்டுமென்றே சைட்டை அமைத்திருப்பார்கள். அப்படி அமைத்த துப்பாக்கியை வாங்கி நடுவில் குறி வைத்தால், குண்டு மேலே போகத்தானே செய்யும்!

திருகக்கூடிய பின்சைட் இருந்தால்...

வேலை சுலபம். விதி ஒன்றே ஒன்றுதான்: குண்டு எந்தப் பக்கம் போகணுமோ, பின்சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். குண்டு மேலே போகுதா? பின்சைட்டைக் கீழே இறக்க வேண்டும்.

தொடங்கும் முன் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வது கட்டாயம். பிறகு ஸ்க்ரூவின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் திருக வேண்டும். ஒவ்வொரு சின்ன திருகலுக்கும் 'கிளிக்' என்று சத்தமோ உணர்வோ வரும். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு மாறும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும், துப்பாக்கியுடன் வரும் கையேட்டில் இருக்கும். எத்தனை கிளிக் திருகினீர்கள் என்று குறித்துவைத்துக்கொண்டு, மறுபடி 5 குண்டு சுட்டுப் பார்க்க வேண்டும்.

பின்சைட்டை அடிவரை இறக்கியும் குண்டு மேலேயே போனால், முன்சைட் உயரம் போதவில்லை என்று அர்த்தம். பல மாடல்களுக்கு உயரமான மாற்று முன்சைட் தனியாகக் கிடைக்கும்.

நிலையான சைட் என்றால்... அரம் வேண்டாம்!

முன்சைட்டுக்கு விதி தலைகீழ். முன்சைட் குட்டையானால், அதைப் பின்சைட் மட்டத்துக்குக் கொண்டுவர பேரல் நுனியை நீங்கள் இன்னும் உயர்த்த வேண்டியிருக்கும். குண்டு மேலே போகும். முன்சைட் உயரமானால் நுனி தாழும், குண்டு கீழே வரும்.

எனவே அரம் உதவுவது குண்டு கீழே படும் துப்பாக்கிக்கு மட்டும்தான். மேலே படும் துப்பாக்கியில் முன்சைட்டின் உயரத்தைக் கூட்ட வேண்டும். பழைய தகட்டை எடுத்துவிட்டு உயரமான தகடு பொருத்துவது, அல்லது இருக்கும் தகட்டின் மேல் உலோகம் சேர்த்துப் பிறகு அளவுக்கு ராவுவது என இரண்டு வழிகள். இரண்டுமே தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. எந்தத் தோட்டாவைத் தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். தோட்டா மாறினால் குண்டு படும் இடமும் மாறும்.

எவ்வளவு உயர்த்தணும்? எளிய கணக்கு

இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை, குண்டு எவ்வளவு தள்ளிப் பட்டதோ அந்த அளவால் பெருக்கி, இலக்கு இருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் மில்லிமீட்டரில்.

சைட்டுகளுக்கு இடையே 150 மி.மீ., குண்டு 150 மி.மீ. மேலே பட்டிருக்கிறது, இலக்கு 25 மீட்டர் தூரத்தில் (25,000 மி.மீ.) என்று வைத்துக்கொள்வோம். 150 x 150 = 22,500. அதை 25,000-ஆல் வகுத்தால் 0.9 மி.மீ.

அதாவது இலக்கில் தெரியும் அரை அடி வித்தியாசத்துக்குக் காரணம், சைட்டில் 1 மில்லிமீட்டர் கூட இல்லை! கண் மதிப்பில் ராவக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

அரை அடிக்கு இவ்வளவு அலட்டலா?

25 மீட்டரில் 15 செ.மீ. என்றால் 50 மீட்டரில் ஏறக்குறைய 30 செ.மீ. வேட்டைக்குச் சட்ட அனுமதி உள்ள அமெரிக்க மாநிலங்களில், மான் காயத்தோடு தப்பி ஓடி எங்கோ வதைபட்டுச் சாக இந்தத் தவறே போதும். மைதானத்தில் இலக்கின் பின்னால் இருக்கும் மண் மேட்டைத் தாண்டிக் குண்டு போனால் அந்தப் பக்கம் இருப்பவர் உயிருக்கே ஆபத்து.

இந்தியாவில் நாமே சரிசெய்யலாமா?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிரிவு 5-ன்படி, துப்பாக்கி தயாரிப்பது, விற்பது மட்டுமல்ல, பழுதுபார்ப்பது, மாற்றியமைப்பது, சோதிப்பது போன்ற தொழிலுக்கும் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் இதற்குப் போதாது. எனவே முன்சைட் மாற்றும் வேலையை உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளர் அல்லது பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

சுருக்கமா சொன்னா...

• முதலில் சுடும் முறை, அடுத்து தோட்டா, கடைசியில்தான் சைட்.
• குண்டு மேலே போனால் லேசான, வேகமான தோட்டாவை முயற்சிக்கலாம்.
• பின்சைட் திருக முடிந்தால் கீழே இறக்க வேண்டும்.
• நிலையான சைட் என்றால் முன்சைட் உயர வேண்டும், குறையக் கூடாது.
• ஏற்றிய இரும்பை எப்போது வேண்டுமானாலும் ராவலாம். ராவிய இரும்பு திரும்பி வராது.