அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் என்பது திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணி ஆற்றின் வடகரையில் அமைந்துள்ள அம்பாசமுத்திரத்தில் செய்யப்படும் மர விளையாட்டுப் பொருட்களைக் குறிக்கும். கடைசல் பட்டறையில் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றப்படும் இவை 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன.

பெயர்

சிறு கலம், சிமிழ் என்னும் பொருளுடைய செப்பு என்ற சொல்லே பேச்சு வழக்கில் சொப்பு என வழங்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

சிற்றில் இழைத்தல், சிறுசோறு சமைத்தல், சிறுதேர் உருட்டுதல் ஆகியவை தமிழ் இலக்கியத்தில் நெடுங்காலமாகக் கூறப்படும் சிறுவர் விளையாட்டுகளாகும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவாகும். தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரரின் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழ் இவ்வகையைச் சார்ந்தது. மணலால் வீடு கட்டும் சிற்றில் விளையாட்டு, இன்றைய கட்டுமானக் கட்டைகளுக்கு ஒப்பானது. சிறுசோற்று விளையாட்டுக்கு உரியவை சொப்புகள்.

வகைகள்

- சமையல் சொப்புகள்: அடுப்பு, பானை, குடம், அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை
- தளர்நடைக் குழந்தைகளுக்கானவை: நடைவண்டி, கிலுகிலுப்பை
- பிற: பம்பரம்

செய்முறை

முன்னர் மஞ்சள் கடம்பு மரம் பெரிதும் பயன்பட்டது. பின்னர் தேக்கு, ரப்பர், யூகலிப்டஸ் மரங்களும் பயன்பாட்டுக்கு வந்தன. உலர்ந்த மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உளியால் உருவம் கடைவர். மரம் சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவர். உராய்வு வெப்பத்தால் அரக்கு உருகிப் படியும். பின்னர்த் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவர். அரக்கு என்பது ஒருவகைப் பூச்சி சுரக்கும் இயற்கைப் பிசின் ஆகும்.

பெரிய கட்டுமானக் கட்டைகளுடன் ஒப்பீடு

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1969இல் டுப்லோ என்னும் பெரிய நெகிழிக் கட்டைகளை அறிமுகப்படுத்தியது. இவை சாதாரண லெகோ கட்டையைப் போல் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றிலும் இருமடங்கு கொண்டவை. எனவே கன அளவில் எட்டு மடங்காகும். சிறு குழந்தைகள் எளிதில் பற்றவும், விழுங்காதிருக்கவும் இவ்வளவு பெரிதாகச் செய்யப்பட்டன.

இக்காரணம் சொப்புகளுக்கும் பொருந்தும். 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுமையாக அடங்கும் பொருள், 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சடைப்பு ஏற்படுத்தக்கூடியதாகப் பாதுகாப்புத் தரங்களில் கருதப்படுகிறது. ஆகவே மிகச் சிறிய சொப்புகள் வளர்ந்த குழந்தைகளுக்கே ஏற்றவை. நடைவண்டி, பெரிய கிலுகிலுப்பை முதலியன தளர்நடைப் பருவத்தினருக்கு உரியவை.

தற்கால நிலை

மலிவான நெகிழிப் பொம்மைகளின் வரவு இக்கைத்தொழிலைப் பாதித்துள்ளது. இந்தியாவில் 2021 சனவரி 1 முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. சோதனைச் செலவு சிறு பட்டறைகளுக்குப் பெருஞ்சுமையாகும். எனினும், 2020 இறுதியில் செய்யப்பட்ட திருத்தம், மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அதற்குரிய பதிவு பெற்றோர் செய்து விற்பதற்கும் விலக்களித்தது. எனவே புவிசார் குறியீடு இக்கைவினைஞர்களுக்குப் பெருமை மட்டுமன்று, தொழிற்பாதுகாப்பும் ஆகும்.

இவற்றையும் பார்க்க

- மரப்பாச்சி
- சென்னபட்டணம் பொம்மைகள்
- பத்தமடைப் பாய்