தாவர எண்ணெயும் ஆக்கவுரிமையும்

கொக்குவில் என்ற பெயரைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தார் நினைவில் முதற்கண் எழுவது சுருட்டு. புகையிலைத் தோட்டமும், அதற்கு நீரிறைத்த துலாவும், ஒருவர் பத்திரிகை வாசிக்க ஏனையோர் கேட்டபடியே சுருட்டுச் சுற்றிய கொட்டில்களும் அவ்வூரின் பழைய அடையாளங்கள். அதே ஊரின் வாழ்வில் எண்ணெய் பெற்றிருந்த இடம் அத்துணை பேசப்படுவதில்லை. இலுப்பெண்ணெய் கோயில் விளக்கில் எரிந்தது. அதன் பிண்ணாக்கு அரப்பாகித் தலைமுழுக்கிற்கு உதவியது. பின்னர் மண்ணெண்ணெய் வந்து வீட்டு விளக்கைக் கைப்பற்றியது. 1950களில் தோட்டக் கிணறுகளில் துலாவின் இடத்தை மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் பிடிக்கத் தொடங்கியது. 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் யாழ்தேவி புகையிரதம் ஓடத் தொடங்கியபோது, அதனைக் கொக்குவிலினூடே காங்கேசன்துறைக்கு இழுத்துச் சென்றது டீசல் இயந்திரம். இங்ஙனம் ஒரு தலைமுறைக் காலத்துள், தன் மரத்து வித்திலிருந்து ஒளி பெற்ற ஊர், கடல் கடந்து வரும் எண்ணெயை நம்பி வாழும் ஊராயிற்று.

அந்த நம்பிக்கை எத்துணை மெலிந்தது என்பது 1990ஆம் ஆண்டில் தெரிந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருள் உள்ளிட்ட பல பொருள்கள் குடாநாட்டிற்குச் செல்வது தடுக்கப்பட்டது. புகையிரதமும் நின்றது. பெற்றோலில் ஓட வேண்டிய மோட்டார் வண்டிகளும் சைக்கிள்களும், சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு, பின் மண்ணெண்ணெயில் ஓடின. அம்மண்ணெண்ணெயும் அரிதாகிப் பன்மடங்கு விலையேறியபோது, தோட்டக்காரர் மீண்டும் துலாவை நாடினர். இவ்வித்தைகளைச் செய்து காட்டியவர்கள் பட்டறைக் கைவினைஞர்கள். பொறியியல் நூல் கற்றவர் அவருள் மிகச் சிலரே.

வித்திலிருந்து எடுத்த எண்ணெயால் இயந்திரத்தை ஓட்ட இயலாதா என்ற வினா அக்காலத்தில் பலர் உள்ளத்தில் எழுந்திருக்கும். அவ்வினா யாழ்தேவியினும் பழையது. டீசல் என்ற பெயருக்குரிய உறுதொல்ப் டீசல் 1858இல் பாரிசில் பிறந்தவர். தம் இயந்திரத்திற்கு அவர் ஜெர்மனியில் ஆக்கவுரிமை கோரியது 1892இல். அவ்வுரிமையின் இலக்கம் 67207. பேச்சு வழக்கில் பேட்டன்ட் எனப்படுவதே இங்கு ஆக்கவுரிமை எனச் சுட்டப்படுகின்றது. அவ்வேட்டில் அவர் வகுத்தவாறே எரிதல் நடைமுறையில் கைகூடவில்லை. 1897இல் ஆக்சுபேர்க் நகரில் வெற்றியுடன் ஓடிய இயந்திரம் ஏட்டிலிருந்து பெரிதும் வேறுபட்டது. வழக்காடுவோருக்கு இதுவே வாய்ப்பாயிற்று. ஆயினும் நமக்கு வேண்டுவது 1900ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் நிகழ்ந்தது. அங்கே ஒட்டோ கம்பெனியார் சிறிய டீசல் இயந்திரம் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினர். வேறெண்ணெய் ஊற்றப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள இயலாதபடி அஃது அமைதியாக ஓடியதாகப் பின்னாளில் டீசலே எழுதியுள்ளார். குடியேற்ற நாடுகளில் விளையும் நிலக்கடலையால் அந்நாடுகளின் இயந்திரங்களை ஓட்டலாம் என்பது பிரெஞ்சு அரசின் எண்ணமாக இருந்தது.

ஓரிரு நாள் ஓடிக் காட்டுவது வேறு. ஆண்டுக்கணக்கில் ஓடுவது வேறு. தாவர எண்ணெய் டீசலினும் ஏறத்தாழப் பத்து மடங்கு பாகுத்தன்மை உடையது. நுண்துளையினூடே புகைபோல் தெறிக்க வேண்டிய எண்ணெய் துளிதுளியாய் விழும், முற்றாக எரியாது கரி படியும், துளை அடைபடும், மசகெண்ணெயும் தடித்துப்போகும். இக்குறை எண்ணெயின் அமைப்பிலேயே உள்ளது. ஒரு கிளிசரின் மூலக்கூற்றில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் பிணைந்திருப்பதே தாவர எண்ணெய். பிணைத்திருக்கும் கிளிசரினை நீக்கிவிட்டால் சங்கிலிகள் தனித்தனியே இலகுவாக ஓடும்.

இதனை எரிபொருளின் பொருட்டுச் செய்து ஏட்டில் பதிந்தவர் பிரசல்சுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான் என்னும் பெல்சிய அறிஞர். 1937ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாளிட்ட 422,877ஆம் இலக்கப் பெல்சிய ஆக்கவுரிமை அவருடையது. முள்ளுத்தேங்காய் எண்ணெய் என இலங்கையில் வழங்கும் பாம் எண்ணெயை எதனோல் என்னும் அற்ககோலுடன் ஊக்கியொன்றின் துணையால் வினைபுரியச் செய்தார். கிளிசரின் பிரிந்து அடியில் தங்கியது. மேலே நின்றது எசுத்தர் எனப்படும் மெல்லிய திரவம். பெல்சியத்தின் ஆட்சியிலிருந்த கொங்கோவில் இவ்வெண்ணெய் மிகுதியாக விளைந்தமையே அந்நாட்டார் இதில் ஊக்கங் காட்டியமைக்குக் காரணம். 1938இன் கோடையில் பிரசல்சுக்கும் லூவேன் நகருக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்ற பஸ் ஒன்று இத்திரவத்தில் ஓடியது. இன்று பயோடீசல் என உலகெங்கும் விற்கப்படும் பொருள் அந்த பஸ்ஸில் எரிந்ததன் நெருங்கிய உறவே.

ஆக்கவுரிமை என்பது யாது? பலர் அதனை இரகசியத்திற்கு அரசு இடும் பூட்டு எனக் கருதுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஆக்கவுரிமை கோருபவர் தம் முறையை, அத்துறை அறிந்த வேறொருவர் வாசித்துத் தாமே செய்யத்தக்க அளவிற்குத் தெளிவாக எழுதி ஒப்படைத்தல் வேண்டும். அஃது எவரும் காண வெளியிடப்படும். அதற்குக் கைம்மாறாக, குறித்த காலத்திற்கு அம்முறையைப் பிறர் வணிகத்திற் கையாளாது தடுக்கும் உரிமையை அரசு அளிக்கும். இலங்கையில் 1906ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், 1979இன் 52ஆம் இலக்கச் சட்டமும் கடந்து, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதனை ஆளுகின்றது. அதன்படி உரிமைக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அதன்பின் அம்முறை ஊர்ப்பொதுக் கிணறு போன்றது.

சவானின் முறையோ அக்காலம் முழுவதும் பெரும்பாலும் உறங்கியே கிடந்தது. உலகப் போர் வந்தது. அதன்பின் மலிவான பெற்றோலியம் பெருகியது. எண்ணெய் வித்தை எவரும் தேடவில்லை. 1973இல் எண்ணெய் விலை திடீரென ஏறியபோதுதான் பழைய ஏடுகள் தூசு தட்டப்பட்டன. பிறேசில் நாட்டின் போர்த்தலேசா நகரில், சேயாராப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எக்சுப்பெதீத்தோ பரேந்தே என்பார் 1980இல் இத்தகைய முறைக்கு அந்நாட்டில் ஆக்கவுரிமை கோரினார். எண்ணெய் விலை மீண்டும் இறங்கவே அரசின் ஆர்வமும் இறங்கியது. அவரது உரிமை வணிகப் பயன் தராமலே காலாவதியாயிற்று. 2004இன் இறுதியில் பிறேசில் அரசு பயோடீசல் திட்டத்தைத் தொடக்கியபோது, அம்முறையைக் கையாள எவரும் அவருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காலத்திற்கு முந்திப் பிறந்த கருத்து தன் ஆசானுக்குச் செல்வம் தருவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. எனினும் ஏடு எஞ்சியது, நாடு பயன்கொண்டது.

வித்தெண்ணெய்க்கு ஒரு தடையுண்டு: அஃது உணவு. மனிதன் உண்ணாத விறகையும் உமியையும் எண்ணெயாக்க இயலுமா என்பது அடுத்த வினா. சிரட்டைக்கரி சுடுவோர் அதன் புகையைக் கண்டிருப்பர். காற்றுப் புகாத கலத்தில் மரத்தூளை ஏறத்தாழ 500 பாகை செல்சியசில் விரைந்து சூடாக்கி, எழும் ஆவியை உடனே குளிரச் செய்தால் கரிய திரவம் கிடைக்கும். இதனை உயிரெண்ணெய் என்பர். பெயர்தான் எண்ணெய், உண்மையில் அதில் நீர் மிகுதி, புளிப்பு மிகுதி, ஒட்சிசன் நிறையில் மூன்றிலொரு பங்கிற்கு மேல். இரும்பை அரிக்கும், வைத்திருந்தால் தடிக்கும், வெப்பமோ பெற்றோலிய எண்ணெயின் பாதியளவே தரும்.

இதனைச் சீர்செய்யும் வழி, ஊக்கியின் துணையுடன் உயர் அமுக்கத்தில் ஐதரசன் வாயுவைச் செலுத்தி ஒட்சிசனை நீராக வெளியேற்றுதல். சொல்லுதல் எளிது. உயிரெண்ணெயை நேரே உயர்ந்த வெப்பத்திற்குக் கொண்டுசென்றால், அது சீர்ப்படுமுன் இறுகிக் கரியாகிக் குழாயை அடைத்துவிடும். அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எலியட், பேக்கர் என்னும் இருவரும் இதற்கு வழி கண்டனர். முதற்படியில் மிதமான வெப்பத்தில் ஐதரசனூட்டி அதனை அடங்கச் செய்து, இரண்டாம் படியில் வெப்பத்தை உயர்த்திப் பெற்றோலிய எண்ணெயை ஒத்த திரவமாக மாற்றினர். பொங்கும் பாலை முதலில் தணலிற் காய்ச்சும் பெண்களுக்கு இத்தத்துவம் புதிதன்று. 1989 ஜனவரி 3ஆம் நாள் அவர்கட்கு 4,795,841ஆம் இலக்க அமெரிக்க ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. அதன் காலமும் இப்போது முடிந்துவிட்டது. அதன்மேல் புதிய ஊக்கிகளுக்கும் புதிய கலங்களுக்கும் வேறு பல உரிமைகள் எழுந்துள்ளன. ஆனால் இருபடி என்னும் அடிப்படை இனி எவருக்கும் தனியுடைமை அன்று.

அயலிலும் இவ்வழி நடந்துள்ளது. தேராதூனில் உள்ள இந்தியப் பெற்றோலிய நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயை விமான எரிபொருளாக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றது. 2018 ஆகஸ்ட் 27இல், நூற்றுக்கு 25 பங்கு அவ்வெரிபொருள் கலந்து, தேராதூனிலிருந்து டெல்லிக்குப் பயணிகள் விமானம் ஒன்று பறந்தது.

இதற்கு மாறான கதையும் தமிழ்நாட்டில் உண்டு. 1996இல் இராசபாளையப் பகுதியைச் சேர்ந்த இராமர் பிள்ளை என்னும் இளைஞர், நீரில் மூலிகையிட்டுக் காய்ச்சிப் பெற்றோல் உண்டாக்குவதாகக் கூறினார். நாடே வியந்தது. ஆனால் மூலிகை இன்னதென்பது இரகசியமாகவே இருந்தது. அறிவியலாளர் ஐயுற்றனர், மத்தியப் புலனாய்வுத் துறை, அவர் விற்றது பெற்றோலியக் கரைப்பான்களின் கலவை என வழக்குத் தொடுத்தது. 2016இல் சென்னை நீதிமன்றமொன்று அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. முறையை எழுதிவைக்கச் சொல்லும் சட்டம், சோதிக்க இயலாத அற்புதத்தை வாயிலிலேயே நிறுத்திவிடும் என்பதை அன்று கைதட்டியோர் எண்ணிப் பார்க்கவில்லை.

மீண்டும் குடாநாட்டிற்கு வருவோம். 1990களில் அங்குள்ள கைவினைஞர் தம் முறைக்கு உரிமை கோரியிருக்க இயலுமா? பதிவு அலுவலகம் கொழும்பில், பாதையோ மூடிக்கிடந்தது. பாதை திறந்திருந்தாலும், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் உழவு இயந்திரங்கள் பிரித்தானியாவில் உலகப் போருக்கு முன்னரே இருந்தமையால், புதுமை இல்லையெனப் பதிவாளர் மறுத்திருப்பார். அம்மறுப்பு நீதியானதே. ஆனால் எந்தக் குழாயை எங்கே வெட்டுவது, காபுரேற்றரை எவ்வளவு சூடாக்குவது, எத்துணைத் துளி போதும் என்பன போன்ற நுணுக்கங்கள் பெரும்பாலும் வாய்மொழியிலும் கைப்பழக்கத்திலுமே தங்கின.

காங்கேசன்துறைப் பாதையில் புகையிரதம் 2015 ஜனவரியில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கொக்குவில் நிலையமும் உயிர்பெற்றது. ஏழாண்டு கழிந்து 2022இல், நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது, எரிபொருள் நிலையங்களின் முன் தெற்கிலும் வடக்கிலும் ஒன்றுபோல் நெடிய வரிசைகள் நின்றன. சவானின் ஏட்டையும் எலியட், பேக்கர் ஏட்டையும் இன்று எவரும் கட்டணமின்றி எடுத்து வாசிக்கலாம். 1990இல் மண்ணெண்ணெய்க்கு இயந்திரத்தைப் பழக்கிய யாழ்ப்பாணத்துக் கைகளுக்குரியோர் இப்போது முதுமை எய்திவிட்டனர். அவருட் சிலர் பழைய பட்டறை வாசலில் இன்னமும் அமர்ந்திருக்கின்றனர்.