கண்ணாடிக் கண்

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை. விஸ்கான்சினில் மீன்பிடிப் பருவம் தொடங்கும் நாள். மாநிலத்தின் வடக்கே ஓர் ஏரியில், வாடகைப் படகில் நானும் அலுவலகத்து அண்ணா ஒருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் அமெரிக்கா வந்து இருபது வருடம் ஆகிறது. "ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தா எப்படிடா, வா, வால்ஐ பிடிக்கக் கத்துத் தர்றேன்" என்று இழுத்து வந்தவர்.

பாடம் எளிமையானது. ஈயத்தலை வைத்த சின்ன முள்ளில் பொடிமீன் ஒன்றை உதட்டில் கோக்க வேண்டும். அது தரையைத் தட்டும்வரை விட்டு, ஒரு ஜாண் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். சரளைக்கல் தரையாக, எட்டடி ஆழமாக இருந்தால் நல்லது. காற்று வந்து மோதுகிற கரையாகப் பார்த்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெயில் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இருட்டத் தொடங்கியபோது நூலை யாரோ விரலால் சுண்டியதுபோல் ஒரு தட்டல். இழுத்தேன். முள்ளைக் கழற்ற அண்ணா டார்ச் அடித்தார். மீனின் கண் வெள்ளி நாணயம்போல் பளீரென்று திரும்பி ஒளிர்ந்தது.

அந்தக் கண்தான் இந்த மீனின் பெயரும் பிழைப்பும். அறிவியல் பெயரில் வரும் 'விட்ரியஸ்' என்ற சொல்லுக்குக் கண்ணாடி போன்றது என்று பொருள். விழித்திரையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. பூனைக் கண் இருட்டில் மின்னுவதும் அப்படித்தான். அதன் முக்கிய இரையான பெர்ச் மீனுக்கு இந்த வசதி கிடையாது. அதனால் அந்தி நேரமும் காற்றில் கலங்கிய நீரும் வால்ஐக்குச் சாதகம். நாங்கள் காத்திருந்ததற்கும் அதுதான் காரணம்.

இரண்டாவது மீன் வரத் தாமதமானது. அண்ணா அலுத்துக்கொண்டார். "ஏப்ரல்லயே இந்தியன்ஸ் வந்து ஈட்டியால குத்தி அள்ளிட்டுப் போயிடறாங்கடா. நமக்கு என்ன மிஞ்சும்?" ஓர் இந்தியர் இன்னோர் இந்தியரிடம் சொன்ன புகார் இது. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல் பிறகு உறுத்தியது. வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தேன். நாங்கள் போன பக்கத்தில் 'லாக் டு ஃப்ளாம்போ' என்று ஓர் ஊர். தீப்பந்த ஏரி என்று பிரெஞ்சு வணிகர்கள் வைத்த பெயர். ஓஜிப்வே மக்களின் பெயர் வாஸ்வாகனிங், தீப்பந்த வெளிச்சத்தில் மீன் பிடிக்கும் இடம். பனி உருகியதும் வால்ஐ முட்டையிடக் கரையோரம் ஆழமற்ற நீருக்கு வரும். படகின் முனையில் பூர்ஜமரப் பட்டையில் பந்தம் கொளுத்திப் பிடித்தால் கண் ஒளிரும். அந்த ஒளியைக் குறி வைத்து ஈட்டி இறங்கும். நான் டார்ச்சில் பார்த்து வியந்த ஒளியை வைத்து ஓர் ஊருக்கே பெயர் வந்திருக்கிறது.

1837-லும் 1842-லும் ஓஜிப்வேக்கள் இன்றைய வட விஸ்கான்சின் நிலத்தை ஒப்பந்தம் போட்டு அமெரிக்க அரசுக்குக் கொடுத்தார்கள். அரசுக்குப் பைன் மரமும் தாமிரமும் வேண்டியிருந்தன. ஆனால் அந்த நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் தங்களுக்கு இருந்த உரிமையை அவர்கள் கொடுக்கவில்லை. நம் ஊர்க் கிரயப் பத்திரத்தில், நிலத்தை விற்றாலும் கிணற்றுப் பாத்தியம், வண்டிப்பாதை பாத்தியம் என்று எழுதி வைத்துக்கொள்வதில்லையா? அதுபோலத்தான்.

பத்திரம் இருந்தும் பயனில்லை. ஒதுக்கிடத்துக்கு வெளியே அந்த உரிமை செல்லாது என்று 1908-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேரனுக்குத் தாத்தாவின் தொழில் குற்றமானது. இரவில் ஒளிந்து மீன் பிடித்தார்கள், மாட்டினால் அபராதம் கட்டினார்கள்.

1974 மார்ச்சில் ஃப்ரெட், மைக் ட்ரிபில் என்ற சகோதரர்கள் சீஃப் ஏரியில், ஒதுக்கிடத்தின் எல்லையைத் தெரிந்தே தாண்டி, உறைந்த பனியில் துளை போட்டு ஈட்டியுடன் உட்கார்ந்தார்கள். வனத்துறைக் காவலர்கள் வழக்குப் போட்டார்கள். 1983 ஜனவரி 25 அன்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த உரிமை அழியவில்லை என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்ததும் கரையில் கூட்டம் கூடியது. எண்பதுகளின் இறுதியில் ஒவ்வொரு வசந்தத்திலும் படகுத் துறைகளில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு வசை பாடினார்கள், கல் எறிந்தார்கள். பெண்களும் பெரியவர்களும் அந்த வசைக்கு நடுவே படகில் ஏறினார்கள். 1989-இல் மாநில அரசு ஒரு பேரம் பேசியது: ஈட்டியைக் கீழே வைத்தால் நான்கு கோடி டாலருக்கு மேல் தருகிறோம். லாக் டு ஃப்ளாம்போ வசதியான ஊர் இல்லை. வாக்கெடுப்பு நடத்தி வேண்டாம் என்றார்கள்.

என்னை நிறுத்தியது அந்த வாக்குச்சீட்டுதான். மீன்தான் விஷயம் என்றால் அந்தப் பணத்துக்கு எவ்வளவோ மீன் வாங்கியிருக்கலாம்.

1991-இல் நீதிபதி பார்பரா க்ராப் போராட்டக்காரர்களின் தொல்லைக்குத் தடை விதித்தார். இறுதித் தீர்ப்பை இரு தரப்பும் மேல்முறையீடு செய்யாமல் ஏற்றன. அதே ஆண்டு கூட்டரசும் மாநிலமும் பழங்குடிகளும் சேர்ந்து செய்த ஆய்வில், ஈட்டியால் ஏரிகள் காலியாகவில்லை என்று தெரிந்தது. இன்றும் ஏரிக்கு இத்தனை என்று முன்பே வரம்பு உண்டு. குத்திய மீனை இரவோடு இரவாகக் கரையில் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். நான் பிடித்த மீனை யாரும் எண்ணவில்லை.

அடுத்த மே மாதம் அதே ஏரி, அதே படகு. இதையெல்லாம் அண்ணாவிடம் சொன்னேன். சட்டைப்பையில் இருந்த மீன்பிடி உரிமச் சீட்டை எடுத்துக் காட்டி, "இது ஒரு வருஷத்துக்கு நமக்கு அரசாங்கம் கொடுத்தது. அவங்களோடது யாரும் கொடுத்தது இல்லண்ணா, அவங்க கொடுக்காம வெச்சிருந்தது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது வருஷமா இங்க வர்றேன். அந்த ஊர்ப் பேருக்கு என்ன அர்த்தம்னு ஒரு தடவை கேட்டதில்லைடா" என்றார். பிறகு, "சரி, டார்ச்சை அணை. மீன் கலையும்."