கூலியா, பங்கா? பிட்காயின் குழுக்களின் இரு பங்கீட்டு முறைகள்

பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் உருவாகிறது. அதற்கான புதிரின் விடையைக் கண்டெடுப்பவருக்கு 2024 ஏப்ரல் முதல் 3.125 பிட்காயினும் பரிவர்த்தனைக் கட்டணங்களும் கிடைக்கின்றன. ஓரிரு இயந்திரம் வைத்திருப்பவர் தனியாக முயன்றால் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு பிளாக்கூடக் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் பிளாக் தேடும் மைனர்கள் குழு சேர்கிறார்கள். செய்த வேலைக்குச் சான்றாக, பிளாக்கைவிட எளிதான விடைகளை ‘ஷேர்’ என்று அனுப்புகிறார்கள்.

தொடக்கத்தில், ஒரு பிளாக்குக்கும் அடுத்த பிளாக்குக்கும் இடையே வந்த ஷேர்களின் விகிதப்படி பரிசைப் பிரித்தார்கள். இதில் ஒரு சுற்றின் ஆரம்பத்தில் வரும் ஷேருக்கு மதிப்பு அதிகம். எதிர்பார்க்கும் ஷேர்களில் சுமார் 43.5 சதவீதம் சேர்ந்ததும் வேறு குழுவுக்குத் தாவியவர், நிலைத்து நின்றவரின் பங்கையும் சேர்த்து அள்ளினார். இந்த ஓட்டையை 2011இல் மெனி ரோசன்ஃபெல்டின் ஆய்வு விரிவாக அலசியது. அதை அடைக்கும் முக்கியமான இரு முறைகள் பி.பி.எஸ்., பி.பி.எல்.என்.எஸ்.

பி.பி.எஸ். தினக்கூலி மாதிரி. பிளாக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு ஷேருக்கும் நிர்ணயித்த தொகை உண்டு. துரதிர்ஷ்டத்தின் சுமை முழுவதும் குழுவின் நடத்துநர் தலையில். 5 சதவீதக் கட்டணம் வாங்கும் நடத்துநர், திவாலாகும் வாய்ப்பை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க, ரோசன்ஃபெல்டின் சூத்திரப்படி சுமார் 69 பிளாக்குகளின் பரிசைக் கையிருப்பில் வைக்க வேண்டும். இன்றைய கணக்கில் அது ஏறக்குறைய 216 பிட்காயின். அவ்வளவு முதல் உள்ளவர்களே இதை நம்பகமாக நடத்த முடியும். கட்டணமும் பொதுவாகக் கூடுதல்.

பி.பி.எல்.என்.எஸ்.ஸில் பிளாக் கிடைக்கும்போது, கடைசியாக வந்த குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஷேர்களுக்கு மட்டும் பரிசு பிரிக்கப்படுகிறது. சுற்று எப்போது தொடங்கியது என்பதே கணக்கில் வராததால் தாவுவதில் ஆதாயம் இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் குறைவாக வரும்; விலகியவருக்கு அவருடைய கடைசி ஷேர்களுக்கான பணம் பிறகும் வரும். வரவின் ஏற்ற இறக்கம் உறுப்பினர்களுடையது. ஒருவர் பிளாக்குக்கான விடையை வேண்டுமென்றே மறைத்தால், பி.பி.எஸ்.ஸில் நடத்துநருக்கு நட்டம். இங்கே எல்லோருக்கும் நட்டம்.

உறுப்பினர்களுக்கு இடையிலான நியாயம் என்று பார்த்தால், என் தேர்வு பி.பி.எல்.என்.எஸ்.தான். அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் உழைப்பின் அளவுக்கே பிரிகின்றன. பெரும் முதல் இல்லாத சிறிய குழுவும் பிழைக்கிறது. மாதாமாதம் மின்கட்டணம் கட்டியாக வேண்டியவருக்கு பி.பி.எஸ். பொருந்தும். எதில் சேர்ந்தாலும், பரிவர்த்தனைக் கட்டணங்கள் உறுப்பினர்களுக்கு வருகின்றனவா, நடத்துநரிடமே தங்குகின்றனவா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.