தனிப்பயன் வலை உறுப்புகள்

நிரலாளர் தாமே பெயர் சூட்டி, செயல் வகுத்து, உலாவியிடம் பதிந்துகொள்ளும் எச்டிஎம்எல் குறிச்சொற்கள். கஸ்டம் எலிமென்ட் என்றே பெரிதும் வழங்குவன. செங்கல்பட்டு மாவட்டத்தில் கூடுவாஞ்சேரியை அடுத்து இயங்கும் ஜோஹோ நிறுவனம் இவற்றை ஆள்வதற்கு லைட் என்னும் சொந்தச் சட்டகத்தை உருவாக்கிக்கொண்டது. ஜோஹோ சிஆர்எம் பக்கத்தை உலாவியில் ஆராய்ந்தால் லைட்-டிராப்டவுன், லைட்-யீல்டு போன்ற குறிச்சொற்கள் கண்ணில் படும்.

வரலாறு: இக்கருத்து புதிதன்று. மைக்ரோசாஃப்ட் 1998இல் எச்டிஎம்எல் காம்போனென்ட்ஸ் என்னும் முறையை முன்மொழிந்து, மறு ஆண்டு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் சேர்த்தது. இதையொத்த முறையான மொசில்லாவின் எக்ஸ்பிஎல் 2001இல் ஆவணமாகியது. ஃபயர்ஃபாக்ஸ் சாளரத்தின் பொத்தான்களும் பட்டைகளும் பல ஆண்டுகள் அதிலேயே ஓடின. இரண்டும் தத்தம் உலாவியைத் தாண்டி வேரூன்றவில்லை. 2011இல் மென்பொருள் பொறியாளர் அலெக்ஸ் ரஸ்ஸல் இன்றைய வடிவத்தை அறிமுகப்படுத்தினார். குரோம் 2014இல் ஏற்ற முதல் வரைவு கைவிடப்பட்டது. திருத்திய வரைவு 2016இல் குரோமிலும், 2017இல் சஃபாரியிலும், 2018இல் ஃபயர்ஃபாக்ஸிலும் இடம்பெற்றது. பொத்தான் போன்ற பழைய குறிச்சொல்லையே நீட்டிக்கும் கிளைமுறையை ஆப்பிள் ஏற்கவில்லை. அது சரியான முடிவே.

பெயரிடல்: பெயரில் ஒரு சிறுகோடாவது இருந்தாக வேண்டும். எச்டிஎம்எல்லில் பின்னாளில் சேரும் குறிச்சொற்களோடு மோதாதிருக்க இந்த ஏற்பாடு. முதலெழுத்து லத்தீன் சிற்றெழுத்து; அதன்பின் தமிழ் எழுத்துகளுக்கும் விதி இடம் தருகிறது. தமிழ் நிரலாளர்கள் இச்சலுகையைத் துணிந்து பயன்படுத்த வேண்டும்.

உதவி நூலகம்: நூலகம் இல்லாமலும் உறுப்பு எழுதலாம். ஆனால் ஒரு மதிப்பு மாறும்போதெல்லாம் பக்கத்தைக் கையால் திருத்த வேண்டிவரும். இந்தச் சுமையைக் கூகுளில் உருவான லிட் என்னும் நூலகம் ஏற்கிறது. 2013இல் வந்த பாலிமர் நூலகத்தின் வாரிசான இது, சுருக்கிய நிலையில் ஏறத்தாழ 5 கிலோபைட்தான். மாமல்லபுரச் சின்னங்களுக்கு ஒரு பக்கம் அமைப்பதாகக் கொள்வோம். படம், பெயர், பார்வை நேரம் கொண்ட அட்டையை ஒருமுறை எழுதினால் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் வராக மண்டபத்துக்கும் அதுவே உதவும். நேரம் மாறினால் லிட் அந்த எழுத்துகளை மட்டும் மாற்றும், படம் அசையாது. நிழல் டாம் என்னும் தடுப்பு இருப்பதால் அட்டையின் வண்ணமும் எழுத்தளவும் வெளியே கசிவதில்லை.

இன்றைய நிலை: 2024 டிசம்பரில் வெளியான ரியாக்ட் நூலகத்தின் 19ஆம் பதிப்பு இவ்வுறுப்புகளை முழுமையாக ஏற்கிறது.