தூபி போன தூரம்

நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறுபவர்களுக்கு, படிகள் செங்குத்தாகுமுன்பே ஒரு வெள்ளைக் குவிமாடம் எதிர்ப்படும். நிப்பொன்சான் மியோஹோஜி என்ற ஜப்பானியப் பௌத்தப் பிரிவின் துறவிகள் எழுப்பியது அது. 1933இல் வார்தாவில் காந்தியைச் சந்தித்த நிச்சிதத்சு ஃபுஜீ இந்தப் பிரிவைத் தோற்றுவித்தவர். சிங்கள யாத்திரிகர் அந்தக் குவிமாடத்தைத் 'தாகப' என்பார்கள். ஹட்டன், மஸ்கெலியா தோட்டங்களிலிருந்து வரும் தமிழரில் பலர் 'பன்சல' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் அதற்குப் பெயர் தாதுகோபம், அல்லது தூபி. கட்டிய ஜப்பானியரோ 'புஷ்ஷாரிதோ' என்கிறார்கள்.

கேட்க அந்நியமாக ஒலிக்கும் இந்த ஜப்பானியப் பெயரில் மலையகத்தாருக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. முதலில் நிற்பது புத்தர். 'ஷாரி' என்பது சரீரம். இங்கே புத்தரின் உடல் எச்சம். கடைசியில் வரும் 'தோ' என்பது தூபி.

தமிழ்த் தூபி பாலியில் தூப, சமஸ்கிருதத்தில் ஸ்தூபம். சாம்பிராணிப் புகையான தூபத்துக்கும் இதற்கும் உறவில்லை, அது வேறு வேர். வேதகால மொழியில் ஸ்தூபம் என்றால் தலையுச்சியில் முடிந்த குடுமி. பிறகு குவியலுக்கும், இறந்தவரின் எச்சத்தின்மேல் குவித்த மண்மேட்டுக்கும் அந்தப் பெயர் வந்தது. மேட்டைக் கல்லால் போர்த்தி, உச்சியில் சதுர வேலியும் அதன் நடுவே குடையும் நட்டால் சாஞ்சி. இலங்கையில் இதே பொருளுக்கு இன்னொரு பெயர் பிறந்தது: தாதுவைக் கருவில் வைத்திருப்பதால் தாதுகர்ப்பம், அது தேய்ந்து தாகப. ஐரோப்பியர் வாயில் புழங்கிய 'பகோடா' இந்தத் தாகபவைத் திருப்பிப்போட்டதால் வந்தது என்பது ஒரு கருத்து. பகவதியிலிருந்து வந்தது என்பாரும், பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

தூபி சீனத்துக்குப் போன கதையில் அத்தகைய ஐயம் இல்லை. பௌத்தம் அங்கே சென்றபோது இந்தச் சொல்லை எழுத அவர்களிடம் எழுத்தே இல்லை. புதிதாக ஓர் எழுத்தை உண்டாக்கினார்கள். இன்று பெய்ஜிங்கில் அதைத் 'தா' என்று படிக்கிறார்கள். பழைய ஒலிப்பில் கடைசியில் ஒரு பகர மெய் இருந்தது. ஹாங்காங்கின் கன்டோனியர் இன்றும் 'தாப்' என்கிறார்கள், வியட்நாமியரும் 'தாப்', கொரியர் 'தப்'. தூபியின் இரண்டாம் எழுத்து இந்த மூன்று வாய்களிலும் உயிரோடிருக்கிறது.

சொல் போன அளவுக்கு வடிவம் போகவில்லை. சீனர் உயரத்தை அறிந்திருந்தது அடுக்கு மாடங்களில்தான். ஹான் அரசர் காலத்துக் கல்லறைகளில் பிணத்தோடு புதைத்த சுடுமண் பொம்மைகளில் அத்தகைய பல அடுக்கு மாடங்களைக் காணலாம். பௌத்தம் வந்ததும் அந்த மாடத்தின் தலையில் இந்தியத் தூபியைத் தூக்கி வைத்தார்கள். சாஞ்சியில் முழுக் கட்டடமாக இருந்த மேடும் குடைகளும் சீனத்தில் சிறுத்து, கூரைக்குமேல் நிற்கும் உலோகக் கூம்பாகிவிட்டன. பெயர் மட்டும் கீழிறங்கி முழுக் கோபுரத்துக்கும் பரவியது.

அப்படி எழுந்தவற்றுள் பெரும்பேர் பெற்றது லுவோயாங் நகரின் யோங்னிங் ஆலயக் கோபுரம். 516இல் மரத்தால் ஒன்பது நிலைகளாகக் கட்டிய அது 534இல் தீயில் அழிந்தது. அந்த நகரின் ஆலயங்களைப் பற்றி 547ஐ ஒட்டி எழுதிய யாங் ஷுவான்ஷி, போதிதருமர் என்ற துறவி அதைக் கண்டு கைகூப்பி நின்றதாகச் சொல்கிறார். காஞ்சிபுரத்தவர் என்று தமிழர் கொண்டாடும் அதே போதிதருமர்தான். அந்த நூல் அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. தென்னிந்தியர் என்பது பின்னால் வந்த மரபு.

மரம் எரியும் என்ற பாடம் கசப்பானது. ஹெனான் மாகாணத்தில் 523இல் கட்டிய சோங்யுவே கோபுரம் செங்கல்லாலானது. பன்னிரண்டு பட்டை, பதினைந்து அடுக்குத் தாழ்வாரம், ஏறத்தாழ 40 மீட்டர். இன்றும் நிற்கிறது. ஆனாலும் மரத்தச்சர் கைவிடவில்லை. ஷான்சி மாகாணத்து யிங்சியனில் 1056இல் எழுந்த மரக்கோபுரத்தின் உயரம் 67 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து நிலை, உள்ளே மறைந்த நான்கையும் சேர்த்து ஒன்பது. சட்டங்களை இரும்பாணி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்றாகப் பூட்டி, கூரைச் சுமையைத் தாங்க ஐம்பத்துநான்கு வகைத் தாங்குகட்டைகளை அமைத்திருக்கிறார்கள். நிலம் அதிரும்போது மூட்டுகள் சற்று நெகிழ்ந்து கொடுத்துத் திரும்பவும் இருந்த இடத்துக்கு வரும். தொள்ளாயிரம் ஆண்டுக்கு மேலாகப் பல நிலநடுக்கங்களை அது தாங்கியதன் இரகசியம் இதுதான்.

சியான் நகரத்துப் பெரிய காட்டுவாத்துக் கோபுரத்தைத் தமிழர் சற்று நின்று பார்க்க வேண்டும். அதைக் கட்டச் செய்தவர் சீனத் துறவி யுவான் சுவாங். 640ஐ ஒட்டிக் காஞ்சிபுரத்தில் தங்கிய அவர், அந்நகருக்கு அருகே அசோகர் கட்டியதாகச் சொல்லப்பட்ட நூறடித் தூபி ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். இலங்கைக்குக் கடல் கடக்க ஆசைப்பட்டார். அங்கே அரசன் இறந்துவிட்டான், பஞ்சம் என்று இலங்கைத் துறவிகளே வந்து சொன்னதால் திரும்பிவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்ததும், கொண்டுபோன ஏடுகளையும் சிலைகளையும் காக்க இந்திய முறையில் கல் தூபி ஒன்று எழுப்ப விரும்பினார். அரசவை செலவைக் காட்டிச் செங்கல் போதும் என்றது. 652இல் எழுந்த ஐந்து நிலைக் கட்டடம் விரைவிலேயே சிதைந்து, 701க்கும் 704க்கும் இடையில் புதிதாகக் கட்டப்பட்டது. இப்போதிருப்பது ஏழு நிலை, 64 மீட்டர். நேரில் தூபிகளைக் கண்டு, அளந்து, எழுதி வைத்த ஒருவரே முயன்றும் சீன மண்ணில் குவிமாடம் எழவில்லை. அவருக்கு முன்பே, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் இரண்டாண்டு தங்கிய சீனத் துறவி பாஹியான், அந்நகரத்துப் பெருந்தூபியையும் மலையுச்சியில் பதிந்த பாதத்தையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். தமிழில் மணிமேகலை அந்த மலையைச் சமனொளி என்கிறது. சமன் சிவனானது பிற்கால வழக்கு.

சீனத் துறவிகளுக்குப் பின், சீனப் பேரரசர் யோங்லேயின் பெயரும் இலங்கை மண்ணில் கிடைத்தது. 1409 என்று நாளிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறித்து, தம் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பலில் அவர் அனுப்பிய கல் 1911இல் காலியில் வெளிப்பட்டது. இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. அதே பேரரசர் நான்ஜிங்கில் 1412இல் தொடங்கிய ஒன்பது நிலைப் பீங்கான் கோபுரம் 1431இல் முடிந்தது. அதை முடித்து வைக்கும் பொறுப்பும் செங் ஹேக்கு வந்தது. 1856இல் தைப்பிங் போரில் அது தகர்ந்தது.

சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்திலோ தமிழ் வணிகர் சிவன் கோயிலே கட்டியிருந்தார்கள். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு 1281. அந்தக் கோயில் இடிந்தபின் அதன் தூண்கள் சில கைய்யுவான் பௌத்த ஆலயத்தில் பொருத்தப்பட்டன. கண்ணனும் நரசிம்மரும் செதுக்கிய அந்தத் தூண்கள் இன்றும் அங்கே இருக்கின்றன, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இரட்டைக் கற்கோபுரங்களுக்கு நடுவே. அந்த ஃபூஜியான் கரையின் மக்கள் பேச்சில் 'தே' என்றிருந்த சொல்தான் கப்பலேறி வந்து 'இலை'யோடு சேர்ந்து தேயிலை ஆனது.

எதிர்த்திசையில் வந்ததும் ஒன்று உண்டு. வாங் தாயுவான் 1349இல் எழுதிய நூல், தமிழகக் கரையில் ஒரு கோபுரத்தையும், அதில் 1267இல் வேலை முடிந்ததாகச் சொல்லும் சீன எழுத்துகளையும் குறிக்கிறது. நாகப்பட்டினத்துக்கு வடக்கே நின்ற மூன்று நிலைச் செங்கற் கோபுரம்தான் அது என்று பலர் கருதுகிறார்கள். மாலுமிகள் அதைச் சீனப் பகோடா என்றார்கள், உள்ளூரில் புதுவெளிக் கோபுரம். அங்கே கல்லூரி நடத்திய இயேசு சபையினர் சென்னை அரசின் அனுமதியோடு 1867இல் அதை இடித்தார்கள். இது இழப்புத்தான், கரையில் நின்ற ஒரு சாட்சியைத் தமிழகம் இழந்தது. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். மண்ணை வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள்.

இனி தோட்டத்து லயத்துக்குப் பக்கத்துக் கோயிலுக்கு வரலாம். சிற்ப நூல்கள் விமானத்தை ஆறு உறுப்பாகப் பிரிக்கும்: அதிட்டானம், கால், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், உச்சியில் ஸ்தூபி. கலசம் என்று எல்லோரும் சொல்வதன் சிற்பப் பெயர் அதுவே. கும்பாபிஷேக அழைப்பிதழில் 'தூபி ஸ்தாபனம்' என்று அச்சிடுவது இதைத்தான். சீனத்தில் பொருள் உச்சிக்கு ஏறிப் பெயர் கீழே பரவியது. தமிழில் பெயரும் பொருளும் உச்சியிலேயே தங்கி, குடுமி என்ற பழைய பொருளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன. தாகப ஓர் இனத்தாருடையது, கலசம் இன்னோர் இனத்தாருடையது என்று பிரித்துப் பார்க்கப் பழகிப்போன நாட்டில், இரண்டுக்கும் தூபி என்ற ஒரே பெயர் உண்டு என்பது வகுப்பறையில் சொல்லப்பட வேண்டிய செய்தி.

சீனத்தில் 'தா' இப்போது பௌத்தத்தையும் தாண்டிவிட்டது. கலங்கரை விளக்கமும் 'தா', மின்கம்பிக் கோபுரமும் 'தா'. சீனக் கடனில் கொழும்பில் எழுந்த 350 மீட்டர் உயரத் தாமரைக் கோபுரத்தையும் சீன மொழியில் 'லியான்ஹுவா தா', அதாவது தாமரைத் தூபி, என்றே எழுதுகிறார்கள்.

இலங்கைத் தமிழில் தூபி வேறு பக்கம் திரும்பியது. தமிழகத்தார் நினைவுத்தூண் என்று சொல்வதை இங்கே நினைவுத்தூபி என்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு இடிக்கப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் எழுந்தது, போரின் இறுதியில் இறந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி. இறந்தவருக்கான மேடு என்ற பழைய பொருளுக்குச் சொல் இப்படித் திரும்பி வந்தது. ஜப்பானிலும் கல்லறைக்குப் பின்னால் நடும் நெடிய மரப்பலகைக்கு 'சொதோபா' என்று பெயர், அதுவும் ஸ்தூபமே.

மலையகத்துக்கு இந்தப் பொருள் மிக நெருக்கமானது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தார்கள். 2023இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தது அவர்களை நினைத்துத்தான். அவர்களுடைய எலும்பு எங்கே கிடக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. பௌத்த மரபு நினைவிடங்களை மூவகையாகப் பிரிக்கிறது: உடல் எச்சத்தை வைத்துக் கட்டுவது சாரீரிகம், இறந்தவர் பயன்படுத்திய பொருளை வைத்தது பாரிபோகிகம், எச்சம் ஏதுமின்றி நினைவை மட்டும் வைத்து எழுப்புவது உத்தேசிகம். மன்னார்ப் பாதையில் அவர்களுக்கு ஒரு தூபி எழுந்தால், அது இந்த மூன்றாவது வகையைச் சேரும்.