பட்டர் ஃப்ரூட்டும் நம் வீட்டு அரிசிப் பானையும்



பெரம்பலூர், அரியலூர் பழக்கடைகளில் இப்போதெல்லாம் பட்டர் ஃப்ரூட் கண்ணில் படுகிறது. வெண்ணெய்ப் பழம் என்கிறார்கள், அவகாடோ என்கிறார்கள். பல் போன பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நல்லது என்று ஆசையாக வாங்குகிறோம். விலையும் கொஞ்சநஞ்சமில்லை. வாங்கியவர்களில் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "சார், கல்லு மாதிரி இருந்துச்சு. கசந்துச்சு. தூக்கிப் போட்டுட்டோம்."

பழத்தின் மேல் குற்றமில்லை. அதன் கதை நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இடைநிலை ஆசிரியராக இருந்தவனுக்குப் பாடம் சொல்லும் பழக்கம் போகாது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த மரத்தின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே நாவாட்டில் மொழி பேசிய மக்கள் இதை 'ஆவாகாட்ல்' என்றார்கள். ஸ்பானியர்கள் வாயில் அது 'அகுவாகாட்டே' ஆயிற்று. 1519-இல் ஸ்பெயினில் அச்சான தன் நூலில் என்சிசோ என்பவர் இந்தப் பழத்தைப் பற்றி எழுதினார். உள்ளே இருப்பது வெண்ணெய் போல இருக்கிறது என்று அப்போதே சொல்லிவிட்டார். ஆக, 'வெண்ணெய்' என்ற ஒப்புமைக்கு 500 வயது தாண்டிவிட்டது.

ஆங்கிலேயர் வாயில் அந்தப் பெயர் இன்னும் திரிந்து 'அலிகேட்டர் பியர்' ஆனது. இலங்கைக்குப் போனதும் சிங்களத்தில் 'அலிகெட பேர' என்றார்கள். சிங்களத்தில் 'அலியா' என்றால் யானை, 'பேர' என்றால் கொய்யா. இலங்கைத் தமிழர் 'ஆனைக்கொய்யா' என்று சொல்வது அதிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். முதலை யானையாக மாறிய கதை!

இந்தியாவுக்கு இது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வழியாக வந்தது. நம் மாநிலத்தில் நீலகிரிச் சரிவுகளிலும் கொடைக்கானல் கீழ்மலையிலும் ஏற்காட்டிலும் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தது. திண்டுக்கல் மாவட்டம் தடியன்குடிசையில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'டி.கே.டி.-1' என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்தான் அறுவடை அதிகம்.

"எவனோ ஊர்ப் பழம், நமக்கெதுக்கு சார்?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரம்பலூர் மானாவாரியெங்கும் நிற்கும் மக்காச்சோளம் மெக்சிகோவிலிருந்து வந்தது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது. நம் கரட்டுக் காட்டில் தானாக முளைக்கும் சீத்தாப்பழமும் அமெரிக்கக் கண்டத்து மரம்தான். முன்னால் வந்தவர்கள் உறவாகிவிட்டார்கள். இவர் பின்னால் வந்த விருந்தாளி.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இணையத்தில் வரும் காணொளிகளில் "கருப்பாக மாறினால் பழுத்துவிட்டது" என்கிறார்கள். அது 'ஹாஸ்' என்ற ரகத்துக்குரிய பாடம். கலிபோர்னியாவில் தபால்காரராக இருந்த ருடால்ஃப் ஹாஸ் தன் தோட்டத்தில் வளர்ந்த ஒரு மரத்துக்கு 1935-இல் காப்புரிமை வாங்கினார். உலகிலுள்ள ஹாஸ் மரங்கள் எல்லாம் அந்த ஒற்றை மரத்தின் ஒட்டுவழி வாரிசுகள். தாய் மரம் 2002 வரை உயிரோடு இருந்தது. அந்த ரகம் பழுத்தால் கருக்கும். நம் மலைகளிலிருந்து வரும் காய்களோ பெரும்பாலும் விதை போட்டு வளர்ந்த மரங்களுடையவை. சில ஊதாவாகும், பல பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும். நிறத்தை நம்பினால் ஏமாந்துதான் போவோம்.

இன்னொரு விசேஷம், இது மரத்தில் பழுக்காது. முற்றிய காய் கிளையில் கல்லாகவே தொங்கும். பறித்த பிறகுதான் பழுக்கத் தொடங்கும். முற்றாமல் பறித்த காயோ எத்தனை நாள் வைத்தாலும் தோல் சுருங்கி ரப்பர் மாதிரி ஆகுமே தவிர, வெண்ணெயாகாது. இந்த ஏமாற்றைத் தடுக்கத்தான் 1925-லேயே கலிபோர்னியாவில், காயில் குறைந்தது 8 சதவீதம் எண்ணெய்ச் சத்து இருந்தால்தான் விற்கலாம் என்று சட்டம் போட்டார்கள்.

சரி, எப்படிப் பழுக்க வைப்பது? நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த வழிதான். சீத்தாக்காய் கண் திறந்ததும் பறித்து அரிசிப் பானையில் புதைப்பார்கள். மாங்காயை வைக்கோலில் அடுக்குவார்கள். வாழைத்தாருக்குக் குழி வெட்டிப் புகை மூட்டம் போடுவார்கள். இதற்கான காரணம் பின்னால்தான் விஞ்ஞானத்துக்குப் புரிந்தது. 1901-இல் ரஷ்யாவில் நெல்யுபோவ் என்ற ஆய்வாளர், விளக்கு எரிக்கும் வாயுவிலிருந்த எத்திலீன் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரச் செய்வதைக் கண்டறிந்தார். 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன், பழுக்கும் பழமே எத்திலீனை வெளிவிடுகிறது என்று நிரூபித்தார். அரிசிப் பானை செய்வது அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான். புகையிலும் எத்திலீன் உண்டு.

குறுக்கு வழிக்காரர்கள் கார்பைடு கல்லைப் போடுகிறார்கள். அது ஈரம் பட்டால் வருவது அசிட்டிலீன் வாயு. கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சும் வரலாம். பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவது சட்டப்படி தடை. 2016-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதித்தது. வீட்டில் நமக்கு இரண்டும் வேண்டாம்.

இனி செய்முறை:

வாங்கும்போது கனமான, அடிபடாத, காம்பு ஒட்டியிருக்கும் காயாகப் பாருங்கள். சில காய்களை ஆட்டினால் உள்ளே கொட்டை ஆடும். அது முற்றியதற்கு அடையாளம்.

அரிசிப் பானையில் புதையுங்கள், அல்லது செய்தித்தாளில் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு சேர்த்துச் சுற்றி வையுங்கள். வெயில் தாக்கும் அறை வேண்டாம். சில நாளில் பழுத்துவிடும். தினமும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கட்டைவிரலால் குத்தாதீர்கள், அந்த இடம் கன்றிப்போகும். உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். லேசாக அமுங்கினால் பதம்.

காயாக இருக்கும்போது ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகப் பழுக்காது. பழுத்த பிறகு வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

நீளவாக்கில் கொட்டையைச் சுற்றி வெட்டித் திருகினால் இரண்டாகப் பிரியும். கரண்டியால் வழித்து, பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் கடைந்து குடிக்கலாம். எனக்குப் பிடித்தது நம் ஊர்ச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு, எலுமிச்சைச் சாறு போட்டுப் பிசைவது. மெக்சிகோவில் இதையேதான் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். 'குவாக்காமோலே' என்பதில் வரும் 'மோலே' சாறு, துவையல் மாதிரியான பொருள் தரும் சொல். எலுமிச்சை பிழிந்தால் சீக்கிரம் கருக்காது. அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள், கசக்கும்.

ஆடு, மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க: இதன் தழை, தோல், கொட்டை எதையும் கால்நடைக்குப் போடாதீர்கள். 'பெர்சின்' என்ற பொருள் அவற்றுக்கு நஞ்சு. ஆட்டுக்கு மடிநோயும் இதயக் கோளாறும் வரும்.

காசு கொடுத்து வாங்கிய பழம் குப்பைக்குப் போகக் கூடாது. அதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. பானையும் அரிசியும் நாலு நாள் பொறுமையும் போதும்.

உங்கள் வீட்டில் சீத்தாப்பழத்தை, வாழைத்தாரை எப்படிப் பழுக்க வைத்தார்கள்? வரகு வைக்கோலா, குதிரா, குழியா? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்த அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது.